கைவண்ணம்: கல்லில் இருப்பதைக் காகிதத்தில் எழுதலாம், வாருங்கள்!



ஒரகடத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்குக் கார் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் அவர் தூங்குவார். வீட்டில் சத்தம் கூடாது. குழந்தைக்கு இரண்டு வயது. அதுவும் மதியம் ஒரு மணி நேரம் தூங்கும். "அந்த ஒரு மணி நேரம் டி.வி. கூடப் போட முடியாது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படம் வரைவேன். எகிப்து தேசத்துச் சுவர்ச் சிற்பம் ஒன்றை அப்படியே கல் மாதிரியே வரைந்த ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். தொட்டால் சில்லென்று இருக்குமோ என்று தோன்றியது. அந்த மாதிரி நானும் வரைய முடியுமா? எங்கே போய்க் கற்றுக்கொள்வது?" என்று கேட்கிறார்.

முடியும், சகோதரி! அதற்காக எங்கேயும் போய்ச் சேர வேண்டாம். சத்தம் போடாமல் செய்கிற வேலை இது. ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும்; அரை மணி கிடைத்தாலும் லாபம்தான். கோலம் போடத் தெரிந்த கைக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். எப்படி என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தக் கலை வெறும் பொழுதுபோக்கு அல்ல, எத்தனை பெரிய காரியம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சப்பாத்தி மாவில் ஒரு பாடம்

முதலில் புடைப்புச் சிற்பம் என்றால் என்னவென்று பார்ப்போம். தனியாக நிற்கும் முழுச் சிலையை நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கலாம். சுவரில் செதுக்கிய உருவம் அப்படி இல்லை. முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும். முன்பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டு வரும். அதுதான் புடைப்புச் சிற்பம்.

சப்பாத்தி மாவைக் கனமாகத் தட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல் இன்னொரு சிறு துண்டு மாவை மாங்காய் வடிவில் ஒட்டுங்கள். இது ஒரு வகை: உருவம் மேலே, பின்னணி கீழே. இப்போது வேறு ஒரு மாவில் கத்தி நுனியால் மாங்காயின் கோட்டை ஆழமாகக் கீறி, உள்ளே மட்டும் விரலால் சற்று அழுத்தி வளைவாக்குங்கள். இது இரண்டாம் வகை: உருவம் குழிக்குள்ளே இருக்கிறது, பின்னணிதான் மேலே நிற்கிறது. எகிப்தியர்கள் இரண்டையும் செய்தார்கள். கோவிலுக்கு உள்ளே, மங்கிய வெளிச்சத்தில், பெரும்பாலும் முதல் வகை. வெளிச்சுவரில், கொளுத்துகிற வெயிலில், இரண்டாம் வகை. வெயில் பட்டதும் கீறிய விளிம்பில் நிழல் விழுந்து, உருவம் கோடு போட்ட மாதிரி பளிச்சென்று தெரியும்.

அந்த இரண்டு மாவையும் ஜன்னலோரம் வைத்து உற்றுப் பாருங்கள். இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால், புடைத்த மாங்காய்க்கு வலது ஓரத்தில் வெளியே நிழல் விழும். குழித்த மாங்காய்க்கு இடது ஓரத்தில் உள்ளே நிழல் விழும். இது ஒன்றைப் புரிந்துகொண்டால் கல் ஓவியத்தின் ரகசியம் கைக்கு வந்த மாதிரி. மேடு பள்ளத்தை நம் கண்ணுக்குக் காட்டுவது கல் அல்ல, நிழல்தான். காகிதத்தில் நிழலைச் சரியாக வைத்துவிட்டால், கல் தானாக எழுந்து நிற்கும்!

எகிப்துக்குப் போன பெண்கள்

எகிப்துச் சிற்பங்களைப் பார்த்து வரைந்தவர்களில் அமெரிக்காவின் ஜோசப் லிண்டன் ஸ்மித் (1863–1950) பெயர் பெற்றவர். அவருடைய ஓவியங்கள் பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் துணியில் பூசிய எண்ணெய் வண்ணம் என்று நம்புவோம். துத்தாங்காமன் கல்லறையை 1922-ல் கண்டுபிடித்தாரே ஹோவார்ட் கார்ட்டர், அவரும் இந்த வேலையில் ஆரம்பித்தவர்தான். 1891-ல், 17 வயதில், சுவர்ச் சித்திரங்களைப் பார்த்துப் பிரதி எடுப்பதற்காகத்தான் எகிப்துக்குப் போனார். பிறகு ஹாட்செப்சுட் என்ற பெண்ணரசியின் கோவிலில் பல ஆண்டுகள் உட்கார்ந்து சுவர்களை வரைந்தார். சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தை ஆண்ட பெண் அவள். அவள் காலத்துக்குப் பின் பல இடங்களில் அவளுடைய உருவத்தையும் பெயரையும் உளியால் கொத்திச் சிதைத்துவிட்டார்கள். கொத்திய தடத்தையும் விடாமல் பார்த்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் அவள் கதையைத் திரும்பக் கட்டினார்கள்.

சரி, ஆண்கள் கதை போதும். நம் கதைக்கு வருவோம். நீனா டேவிஸ் (1881–1965) என்ற பெண்மணி தன் கணவர் நார்மனோடு எகிப்தின் தீப்ஸ் கல்லறைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தார். முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த வண்ணத்தால், சுவரில் உள்ள நிறத்துக்கு நிறம் ஒத்துப் பார்த்து வரைவார். பூச்சு உதிர்ந்த இடத்தில் உதிர்ந்த மாதிரியே வரைவார். 1936-ல் அவருடைய படங்கள் 104 பெரிய தாள்களாக அச்சிட்டு வெளிவந்தன.

இன்னும் இரண்டு பெண்கள்: ஏமிஸ் கால்வெர்லி, மிர்ட்டில் புரூம். அபைதோஸ் என்ற ஊரில் சேத்தி மன்னனின் கோவில் இருக்கிறது. சுமார் 3,300 ஆண்டுப் பழமை. எகிப்துப் புடைப்புச் சிற்பங்களிலேயே மிக நேர்த்தியானவை அங்கே இருப்பவை என்று சொல்வார்கள். 1930-களில் இவர்கள் இருவரும் கோவிலுக்குப் பக்கத்திலேயே மண் செங்கல் வீட்டில் தங்கி, பருவம் பருவமாக அந்தச் சுவர்களை வரைந்தார்கள். சுவரைப் போட்டோ எடுத்து, அதன் உதவியால் கோடு போட்டு, மறுபடி சுவரின் முன் நின்று ஒவ்வொரு கோட்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு உடம்புக்கு வந்தால் கால்வெர்லி மருந்து கட்டவும் போவாராம். அந்த வேலை நாலு பெரிய புத்தகங்களாக வந்தது. முதலாவது 1933-ல், நாலாவது 1958-ல். கணக்குப் பாருங்கள், 25 ஆண்டு!

"போட்டோ இருக்கும்போது கையால் ஏன் வரைய வேண்டும்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. போட்டோவுக்கு நிழலும் ஒன்று, விரிசலும் ஒன்று, அழுக்கும் ஒன்று. எது உளி செதுக்கிய கோடு, எது மழைநீர் ஓடிய தாரை என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சுவர் முன்னால் உட்கார்ந்து அரை நாள் பார்த்த கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் 1924 முதல் எகிப்தின் லக்சரில் வேலை செய்து வரும் சிகாகோ பல்கலைக்கழகக் குழுவினர், பெரிதாக்கிய போட்டோவின் மேலேயே பென்சிலால் கோடு போட்டு, மை தீட்டி, போட்டோவை வெளுத்துவிட்டுக் கோட்டை மட்டும் மிச்சம் வைக்கும் முறையைக் கைக்கொண்டார்கள். பிறகு அந்தப் படத்தைச் சுவரோடு வைத்து எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். கண்ணும் கையும் சேர்ந்தால்தான் முழு உண்மை கிடைக்கும்.

சுண்ணாம்பாய்ப் போன கற்கள்

எகிப்து இருக்கட்டும். நம் பக்கத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. கேட்டால் மனசு பதறும்.

ஆந்திராவில் கிருஷ்ணை நதிக்கரையில் அமராவதி. அங்கே சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய பௌத்த ஸ்தூபி இருந்தது. சுற்றிலும் வெண்மையான சுண்ணாம்புக் கல் பலகைகள். பலகைக்குப் பலகை புடைப்புச் சிற்பம். காலப்போக்கில் எல்லாம் மண்மூடி ஒரு மேடாகிவிட்டது. 1790-களின் கடைசியில் அந்தப் பகுதியின் ஜமீன்தார் கட்டட வேலைக்குக் கல் தேடித் தோண்டியபோது பலகைகள் வெளியே வந்தன. 1797-ல் காலின் மெக்கன்ஸி என்ற பிரிட்டிஷ் நில அளவை அதிகாரி வந்து பார்த்தார். 1816-ல் படம் வரைபவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அதற்குள் எத்தனையோ பலகைகள் காணாமல் போயிருந்தன! சில படிக்கட்டாகிவிட்டன. சில காளவாயில் வெந்து சுண்ணாம்பாகிவிட்டன. ஆமாம் சகோதரிகளே, சுவருக்குப் பூசுகிற சுண்ணாம்பு!

மெக்கன்ஸியின் ஆட்கள் மிச்சம் இருந்ததை உட்கார்ந்து வரைந்தார்கள். உடைந்த பலகையை உடைந்தபடியே வரைந்த படங்களும் அதில் உண்டு. அந்த ஆல்பம் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவர்கள் வரைந்த பலகைகளில் பல பின்னாளில் அழிந்துபோயின. அவை எப்படி இருந்தன என்பதற்கு அந்தத் தாள்தான் இப்போது சாட்சி. அன்று படம் போட்டவர், 'மூக்கு உடைந்திருக்கிறதே, நான் ஒரு அழகான மூக்கு வைத்துவிடுகிறேன்' என்று கைவரிசையைக் காட்டியிருந்தால் இன்று அந்தப் படத்தை யார் நம்புவார்கள்?

தப்பிய பலகைகளில் ஒரு பகுதியை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பகுதி நம் சென்னையில், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துப் போங்கள். அங்கே நளகிரி யானையின் கதை செதுக்கிய வட்டப் பலகை ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் மதம் பிடித்த யானை ஆளைத் தூக்கி எறிகிறது. தெருவில் ஜனங்கள் பதறுகிறார்கள். மறுபக்கம் அதே யானை புத்தர் முன் மண்டியிடுகிறது. ஒரே வட்டத்துக்குள் முதல் காட்சியும் முடிவும்! குழந்தைக்குக் கதை சொல்ல வேறு புத்தகமே வேண்டாம்.

பக்கத்திலேயே காஞ்சி இருக்க...

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குடியிருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வாலாஜாபாத் வழியாகப் பஸ் ஏறினால் காஞ்சிபுரம். பட்டுச்சேலை எடுக்கப் போவோம், காமாட்சியைத் தரிசிப்போம். அப்படியே இன்னும் இரண்டு கோவிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒன்று கைலாசநாதர் கோவில். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. முன்னால் வரிசையாக இருக்கும் சிறு கோவில்களில் ஒன்று அவனுடைய ராணி ரங்கபதாகை கட்டியது. கல்வெட்டே அவள் பெயரைச் சொல்கிறது. கோவிலைச் சுற்றி மதிலோடு ஒட்டிச் சின்னச் சின்ன சந்நிதிகள், சுவரெல்லாம் சிற்பம். இது மணற்கல். கருங்கல் மாதிரி உறுதி கிடையாது. காற்றும் மழையும் உப்பும் பட்டுப் பொரிந்து உதிரும் கல். அந்தக் காலத்தில் கல்லின் மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு பூசி, வண்ணமும் தீட்டியிருந்தார்கள். 1931-ல் ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர் அந்தப் பழைய வண்ணத்தின் மிச்சங்களை அங்கே கண்டு சொன்னார். இன்றும் சில மாடங்களில் சிவப்பும் மஞ்சளுமாய்த் துளித்துளியாய்த் தெரியும். பிற்காலத்தில் நல்ல எண்ணத்தோடுதான் சில சிற்பங்களின் மேல் சாந்து பூசிச் சரிசெய்தார்கள். பல்லவச் சிற்பியின் மெல்லிய இடை, கூர்மையான மூக்கு எல்லாம் அந்தச் சாந்துக்குள் தடித்துப்போய்விட்டன. உள்ளதை 'அழகாக்கப்' போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இன்னொன்று வைகுண்டப் பெருமாள் கோவில். பல்லவ மன்னர்களின் சரித்திரம் முழுவதும் அங்கே பிராகாரச் சுவரில் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாரிசு இல்லாமல் தவித்த காஞ்சிக்கு, 12 வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பி வந்து அரசனான கதை அதில் வருகிறது. இரண்டாம் நந்திவர்மனாகி இந்தக் கோவிலைக் கட்டியவன் அவன்தான். பிள்ளையைப் பிரிய மனமில்லாத தகப்பனையும், கிளம்பி நிற்கும் பிள்ளையையும் கல்லில் பார்க்கும்போது எந்தத் தாய்க்குத்தான் நெஞ்சு கனக்காது?

இந்தச் சுவரைப் பலகை பலகையாகப் பார்த்து, இது இன்ன காட்சி, இவர் இன்ன அரசர் என்று எழுதியவர் ஒரு பெண். டாக்டர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி; ஆண்டு 1936. 1940-ல், 35 வயதுகூட நிறையாமல் காலமானார். வைகுண்டப் பெருமாள் கோவில் பற்றிய அவருடைய நூலை 1941-ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அன்று அவர் பார்த்த சுவர் இன்று இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. கல் காத்திருக்காது, சகோதரிகளே. கண்ணும் கையும் உள்ளவர்கள் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோவிலில் ஒரு விஷயம் கவனம். இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. சிற்பத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது, எண்ணெய் தடவுவது, குங்குமம் வைப்பது எதுவும் கூடாது. கையால் தடவிப் பார்ப்பதும் வேண்டாம். கண்ணால் பாருங்கள், போன் கேமராவில் எடுத்துக்கொள்ளுங்கள். காலை இளவெயிலிலும் மாலை 4 மணிக்கு மேலும் பக்கவாட்டு வெளிச்சம் விழும். புடைப்பு நன்றாகத் தெரியும். மதியம் நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

வேண்டிய சாமான்கள்

கெட்டியான டிராயிங் தாள். ஹெச்.பி. பென்சில் ஒன்று, 2பி ஒன்று. ரப்பர், ஸ்கேல். போஸ்டர் கலரில் வெள்ளை, மஞ்சள் காவி, செங்காவி, கரும்பழுப்பு, நீலம். இந்த ஐந்து போதும். கறுப்பு வாங்கவே வேண்டாம். பிரஷ் மூன்று: ஒன்று பட்டை, ஒன்று நடுத்தரம், ஒன்று மெல்லியது. பழைய டூத் பிரஷ், கிழிந்த பனியன் துணி, கலர் குழைக்க ஒரு பழைய பீங்கான் தட்டு. அவ்வளவுதான்!

செய்முறை

1. முதல் படத்துக்குப் பெரிய காட்சியை எடுக்காதீர்கள். ஒரு முகம், ஒரு சிங்கம், ஒரு கை போதும். போட்டோவை 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்துக்குப் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

2. போட்டோவின் மேல் 1 செ.மீ. கட்டங்கள் போடுங்கள். டிராயிங் தாளில் 24-க்கு 16 செ.மீ. அளந்து, 2 செ.மீ. கட்டங்களை மெலிதாகப் போடுங்கள். இரண்டிலும் 96 கட்டம் வரும். இனி ஒவ்வொரு கட்டத்தில் உள்ளதை மட்டும் பார்த்து வரையுங்கள். புள்ளி வைத்துக் கோலம் போடும் அதே கணக்குத்தான்! எகிப்துச் சிற்பிகளும் இப்படித்தான் கட்டம் போட்டார்கள். நிற்கும் மனிதனுக்குப் பாதத்திலிருந்து நெற்றி முடி வரை 18 கட்டம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். சிவப்பு மையில் முதல் கோடு. அதன்மேல் கறுப்பு மையில் திருத்தம். வேலை முடியாமல் நின்றுபோன கல்லறைகளில் அந்தக் கோடுகளை இன்றும் காணலாம்.

3. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, தாளின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போடுங்கள். படம் முடிகிற வரை அதை மாற்றக் கூடாது. ஒரு மூக்குக்கு இடதுபக்க நிழல், ஒரு காதுக்கு வலதுபக்க நிழல் என்று வந்தால் கல் கல்லாக இருக்காது.

4. வெள்ளை, மஞ்சள் காவி, துளி செங்காவி மூன்றையும் குழைத்துக் கல்லின் நடுத்தர நிறத்தைத் தயார் செய்யுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் காட்டும். ஓரத்தாளில் தடவிக் காயவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தாள் முழுவதும் ஒரே சீராகப் பூசிக் காய விடுங்கள். பென்சில் கோடு மங்கலாகத் தெரிந்தால் போதும். முதல் நாள் வேலை இத்துடன் நிற்கட்டும்.

5. இரண்டாம் நாள் நிழல். கரும்பழுப்பில் துளி நீலம் கலந்தால் கல்லின் நிழல் நிறம் வரும். கறுப்பைப் பூசினால் நிழல் ஓட்டை மாதிரித் தெரியும். உருவத்தின் விளிம்பில் அழுத்தமாகத் தொடங்கி, வளைவை நோக்கிப் போகப் போக மெலிதாக்குங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அடிப்பூச்சு கரைந்து சேறாகிவிடும்.

6. மூன்றாம் நாள் வெளிச்சம். வெள்ளையில் துளி மஞ்சள் காவி. பிரஷைத் தோய்த்துத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷால் மேடான இடங்களில் மட்டும் லேசாக இழுங்கள். தாளின் சொரசொரப்பே கல்லின் சொரசொரப்பாக மாறுவதைப் பார்த்து நீங்களே சிரித்துக்கொள்வீர்கள்! டூத் பிரஷை நிறத்தில் தொட்டு விரலால் தெறிக்கவிட்டால் மணற்கல்லின் பொரிப் பொரியான புள்ளிகளும் வந்துவிடும்.

7. கடைசியில் விரிசல், உடைசல், உதிர்ந்த பூச்சு, பாசிக் கறை. இவற்றை விட்டுவிடாதீர்கள். விரிசல் என்பது ஒரு கோடு அல்ல. ஒரு பக்கம் நிழல், மறுபக்கம் மெல்லிய வெளிச்சம், இரண்டும் சேர்ந்ததுதான் விரிசல். இருக்கிற இடத்தில், இருக்கிற அளவில் போடுங்கள். மூக்கு இல்லாத முகத்துக்கு மூக்கு வைக்காதீர்கள். அது இரக்கம் மாதிரித் தோன்றும், ஆனால் பொய்.

படம் முடிந்ததும் ஒரு சோதனை. அதைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். மேடெல்லாம் பள்ளமாகவும், பள்ளமெல்லாம் மேடாகவும் தோன்றினால் நிழலைச் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வெளிச்சம் மேலிருந்து வரும் என்றே நம் கண் பழகியிருப்பதால் வரும் வேடிக்கை இது. குழந்தைகளுக்குக் காட்டுங்கள், குதிப்பார்கள்!

கண்ணும் கழுத்தும், குட்டிப் பயலும்

வலது கையால் வரைபவர்கள் ஜன்னல் இடது பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். கையின் நிழல் தாளில் விழாது. தரையில் குனிந்து வரைந்தால் கழுத்தும் இடுப்பும் மறுநாள் பேசும். பலகையைச் சாய்த்து வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து வரையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பாருங்கள்; கண்ணுக்கும் ஓய்வு, படத்தில் தப்பும் தெரியும். கர்ப்பிணிகள் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் கால் தொங்கப்போட்டு உட்கார வேண்டாம்.

பிரஷை வாயில் வைத்து நுனி கூராக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கூடவே கூடாது. சில வண்ணங்களில் உடம்புக்கு ஆகாத உலோகங்கள் சேர்ந்திருக்கும். கலர் தட்டைச் சமையல் பாத்திரத்தோடு கழுவாதீர்கள். கலர் கழுவிய தண்ணீரைக் காபி டம்ளரில் வைக்கவே வைக்காதீர்கள். நீங்களே மறந்து குடித்துவிடுவீர்கள்! பழகிய பிறகு எண்ணெய் வண்ணத்துக்குப் போகிறவர்கள் டர்பன்டைன் வாங்குவீர்கள். அதைப் பூட்டிய அலமாரியில், அதன் சொந்தப் பாட்டிலிலேயே வையுங்கள். தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் போஸ்டர் கலரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

"ஐயோ, எனக்கு இதெல்லாம் எங்கே வரப்போகிறது?" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாகக் கற்பனை செய்யும் சிரமம் இதில் இல்லை. வேண்டியதெல்லாம் பொறுமையும், உள்ளதை உள்ளபடி பார்க்கும் கண்ணும்தான். அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கண் நம்முடையது. குழந்தையின் முகம் சற்றே வாடினாலும் கண்டுபிடிக்கிற கண். அதைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திருப்பினால் போதும்.

படம் முடிந்ததும் பிரேம் போடும் அவசரத்தில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: எந்த ஊர், எந்தக் கோவில், எந்தப் பக்கச் சுவர், வாசலிலிருந்து எத்தனையாவது மாடம், என்ன தேதி, காலையா மாலையா. 'பிரதி' என்று ஒரு வார்த்தை, உங்கள் பெயர். அடுத்த வருஷம் அதே இடத்துக்குப் போய் ஒத்துப் பாருங்கள். ஏதாவது உதிர்ந்திருந்தால் அதையும் தேதியோடு குறித்து வையுங்கள். உங்கள் பெண் வளர்ந்து அதே சுவர் முன்னால் நிற்கும்போது, கல்லில் இல்லாத ஒன்று உங்கள் தாளில் இருக்கலாம்.

அடுத்த இதழில்: பழைய பட்டுச் சேலைக் கரையை வீணாக்காமல் சுவர்த் தொங்கல் தைப்பது எப்படி?